ஸ்டிக்கரில் தெரியாத ஈரம்

என் கணவரின் கண்ணீரை நான் அழித்தேன். துடைக்கவில்லை... கைப்பேசியில், விரல் நுனியால், தடயமே இல்லாமல் அழித்தேன். இதைப் படிக்கும் உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அவருக்கும்தான்.

2025 ஜூன் 22, ஞாயிறு. வழக்கம்போல வீட்டில் முதலில் எழுந்தவள் நான். அவருடைய தொழிற்சாலைச் சீருடைகளை இஸ்திரி போட்டுக் கிழமை வரிசையில் மாட்டினேன். குளியலறைத் தரையைத் தேய்த்தேன். கோழியைக் கழுவி மஞ்சள் தடவி வைத்தேன். ஞாயிறு என்றால் எனக்கு இந்த வரிசைதான். மாறினால் அன்று முழுவதும் எதையோ மறந்தது போலிருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் என் தம்பி ரகு காரோடு வந்தான். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்களைப் பெரிய அளவில் வைத்திருக்கிறார்களாம்.

"மச்சான் படமும் இருக்காம் லா. வந்து பாருங்க."

எந்தப் படம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவந்து நெளியும் வானம், ஒரு பாலம், அதன்மேல் மண்டையோடு போன்ற முகத்துடன் ஓர் உருவம். இரு கைகளும் காதுகளில். வாய் அகலத் திறந்திருக்கும். 'அலறல்' என்று அதற்குப் பெயர்.

அது எப்படி என் கணவரின் படமானது? அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

சேகரனுக்கு பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில், காற்றழுத்த இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், "காதுக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு வாசுகி. வீட்டுக்கு வந்தாலும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

என்ன பதில் அது! அவர் காதுக்குள் ஓடுவது எனக்கு எப்படிக் கேட்கும்? ஆனாலும் அவர் சொல்லும்போதெல்லாம் அதையே சொன்னேன். மின்விசிறியை நிறுத்திக் காட்டினேன். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிக் காட்டினேன். "பாருங்க, வீட்டுல ஒரு சத்தமும் இல்ல." எதையும் சரிபார்த்த பிறகே நம்புகிறவள் என்று எனக்கு என்னைப் பற்றிப் பெருமை.

ஒரு நாள் காலை, இரவு வேலை முடிந்து வந்தவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காதுகளை அழுத்திப் பிடித்து, வாயை அகலத் திறந்திருந்தார். தாடையை இழுத்தால் சத்தம் ஒரு கணம் மாறுகிறது என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ அந்த ஓவியம் நினைவுக்கு வந்தது. படம் எடுத்தேன். பின்னணியை வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ஸ்டிக்கராக்கினேன்.

வெட்டுவதற்காகப் பெரிதாக்கியபோது கன்னத்தில் ஈரம் தெரிந்தது. ஒரு கோடு... மோவாய் வரை.

கையை நிறுத்தினேன். நிறுத்தியது உண்மை. பிறகு அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் நிறமாக்கினேன்.

ஏன் செய்தேன்? அந்தக் குழுவில் நான் மற்றவர்கள் போடும் திதி, திருமண நாள் தேதிகளைத் திருத்துகிறவள். நான் எழுதினால் யாரும் பதில் போடுவதில்லை. அன்று எல்லோரும் சிரித்தார்கள். 'அலமாக், அக்காவுக்கு இப்படிலாம்கூட வருமா' என்று ரகு வியந்து எழுதினான். அந்த ஒரு வரி எனக்கு இனித்தது... அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று தேடுகிறேன். கிடைக்கவில்லை.

அதன்பின் குழுவில், சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் என்றால் அவர் முகம். கோழி விலை ஏறினால் அவர் முகம். கொஞ்ச நாளில் அவரே அதை அனுப்பத் தொடங்கினார். காதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பேரங்காடியில் அந்த ஓவியம் ஆளுயரத்துக்கு நின்றது.

"மச்சான், உங்க ஐசி கார்டு படத்த மாட்டி வச்சிருக்காங்க. பக்கத்துல நில்லுங்க, நீங்கதானான்னு பாக்கணும்" என்றான் ரகு.

"அவனுக்கு மொட்ட லா. எனக்கு இன்னும் நாலு முடி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சேகரன் போய் நின்றார். கைகளைக் காதில் வைத்தார். வாயைத் திறந்தார்.

நான் பக்கத்திலிருந்த குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த உருவம் அலறவில்லையாம். மாலை நடையின்போது இயற்கை முழுவதையும் ஊடுருவிச் சென்ற ஓர் அலறலை ஓவியர் உணர்ந்தாராம். அதைத் தாங்க முடியாமல்தான் உருவம் காதைப் பொத்திக்கொள்கிறதாம். பாலத்தின் மறுகோடியில் இருவர், எதுவும் கேளாதவர்களாக நடந்து போகிறார்கள். அந்த இருவரை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

"போதும் மச்சான், போட்டோ எடுத்தாச்சு."

கைகள் இறங்கவில்லை. கண்கள் மூடியிருந்தன. விரல்கள் காதுகளை அழுத்திய அழுத்தத்தில் நகங்கள் வெளுத்திருந்தன.

"மச்சான்?"

ரகு தோளைத் தொட்ட பிறகே விழித்தார். உடனே சிரித்தார். "எப்படி, அவன மாதிரியே இருந்துச்சா?"

படுக்கும்போது வானொலியை வெறும் இரைச்சலில் விட்டுவைக்கிறாரே... கோயிலில் தவில்காரர் பக்கமாகவே போய் நிற்கிறாரே... எல்லாம் என் கண் முன்னால்தானே நடந்தது! உள்ளே ஓடுவதை வெளிச் சத்தத்தால் மூடியிருக்கிறார். அந்தச் சத்தம் போகவே இல்லை. என்னிடம் சொல்வதுதான் போய்விட்டது. காரில் திரும்பும் வழியெல்லாம் அவர் ரகுவோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். என்னால் அவர் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன், முதல் வேலையாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, காதுல அந்தச் சத்தம் இன்னும் இருக்கா?"

"எந்தச் சத்தம்?"

"மெஷின் சத்தம்."

"அதுவா? அது எப்பவோ போயிருச்சு லா."

சொல்லும்போதே அவர் கைகள் காதுகளை நோக்கி எழுந்தன. நான் பார்ப்பதைக் கண்டார். கைகள் வழிமாறித் தலைமுடியைக் கோதிக்கொண்டன.

"போய்த் தண்ணி கலக்கு. பஸ்ஸு வந்துரும்."

கண்ணீரை அழித்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்... எழுந்துபோய்த் தேநீர் கலக்கினேன்.