சீட் கவர்காரியின் கலவைப் பாடம்

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்றே சீட் கவர்காரிக்கு நாத்தனாரின் வாழ்த்து கிடைத்தது. "பிள்ளை தலையில நீங்களே மண்ணள்ளிப் போடறீங்க அண்ணி. நல்லா இருங்க!"

நிறுத்தாமல் என்ன செய்வாள்? மகளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து "தெ... தெ..." என்று தொடங்கினாலே கடைசி பெஞ்சு வரை சிரிப்பு. டீச்சரும் சேர்ந்து சிரித்தார் என்பதுதான் தாய்க்கு இன்றுவரை ஆறாத கோபம். போகப் போகப் பிள்ளை வாயைத் திறப்பதையே விட்டுவிட்டது, வீட்டிலும்கூட. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டும். அப்பாவோடு போனில் பேசச் சொன்னால் தலையை ஆட்டும். தலையாட்டினால் போனில் கேட்குமா?

"கூட்டிட்டு வந்துட்டேன், இனிமே அனுப்ப மாட்டேன்" என்று லாரி ஓட்டப் போயிருந்த கணவனிடம் போனில் சொன்னாள். "சரி" என்றான் அவன். அந்த ஒரு சொல்லுக்காக அதுவரை அவன் அடித்த கூத்தையெல்லாம் மன்னித்துவிட்டாள்.

முன்னறையில் அவள் கடை. வேன், ஆட்டோ, பஸ் எதுவானாலும் சீட்டுக்கு உறை தைப்பாள். ரெக்சின் சுருளும் ஸ்பாஞ்சும் போக மிச்சமிருந்த மூலைதான் மகளின் வகுப்பு. முதலில் ஒரே கம்பெனியின் புத்தக வரிசையைப் பெட்டியோடு வாங்கி, அட்டவணை போட்டு, மணியடித்தாற்போல் நடத்திப் பார்த்தாள். மூன்றே வாரம். பிள்ளை மறுபடி ஊமையானது. "வீட்டுக்குள்ளேயே இன்னொரு பள்ளிக்கூடத்தைக் கட்டிட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல!" என்று தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியை மூடினாள்.

அதற்கப்புறம் கலவைதான். கணக்கு பாதி ரெக்சின் வெட்டுவதில், பாதி பழைய புத்தகக் கடையில் கிடைத்த வேறொரு வரிசையில். விஞ்ஞானத்துக்கு போனில் வீடியோ. வாசிக்க நூலகத்துக் கதைப் புத்தகங்கள். பூகோளம் அப்பா பொறுப்பு. இன்றைக்கு எந்த ஆற்றைத் தாண்டினான், எங்கே மலை ஏறினான் என்று போனில் சொல்வான், மகள் வரைபடத்தில் விரலால் கூடவே போவாள். ஒன்று ஏறவில்லையா, தூக்கிப் போடு, அடுத்ததை எடு. ஒரே ஒரு சட்டம்தான்: தெரியாவிட்டால் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் திக்கினாலும் அம்மா காத்திருப்பாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் நாத்தனாருக்கு இது பொறுக்குமா? "அங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டு. இது படிப்பா, பழைய துணி மூட்டையா?" என்று வாய் வலிக்கப் பேசினாள். அதோடு விட்டாளா, கல்வி அலுவலகத்திலும் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து நின்றார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். ஆனால் அவர் சரியில்லை என்று எழுதிவிட்டால் மகள் மறுபடி அந்த பெஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். பெருக்கச் சொன்னார், பெருக்கினாள். திக்கித் திக்கித்தான், ஆனால் எல்லாம் சரி. அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் நீட்டினார். "மணி என்ன, சொல்லு பாப்பா."

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெ... தெ... தெரியல."

வீட்டில் முள் வைத்த கடிகாரம் கிடையாது. போனில் எண்ணைப் பார்த்தே பழக்கம். அதிகாரி இரண்டு வரிசைப் புத்தகங்களையும் வாங்கிப் புரட்டினார். சங்கதி வெளியே வந்தது. பெட்டி வரிசையில் கடிகாரப் பாடம் மூன்றாம் வகுப்பில்; பழைய கடை வரிசையில் இரண்டாம் வகுப்பில். இவள் முதலாவதில் இரண்டாம் வகுப்பைத் தொடங்கி மூன்று வாரத்தில் மூடிவிட்டு, அடுத்ததில் நேராக மூன்றாம் வகுப்புக்குத் தாவியிருந்தாள். கடிகாரம் நடுவே நைசாக நழுவிவிட்டது.

"பார்த்தீங்களாம்மா? இதான் கலவையோட லட்சணம். இனிமே ஒரே வரிசைதான் நடத்துவேன்னு சொல்லுங்க, நான் சரின்னு எழுதிடறேன். இல்லேன்னா பள்ளிக்கூடம்தான்."

தலையாட்டினால் முடிந்தது விஷயம். அவர் போனபிறகு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்தத் தலை ஆடுகிற தலை இல்லை.

"முடியாது சார். கடிகாரம் விட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். ஒரே வரிசைக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். அதை நடத்தினப்போ என் பொண்ணு வாயே திறக்கல."

"அப்ப நான் எழுதறதை எழுத வேண்டியதுதான்."

"எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். அப்போது மகள் கடிகாரத்தை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சொ... சொ... சொல்லிக் குடுங்க."

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் தொடங்கினார். "சின்ன முள் மணி, பெரிய முள் நிமிஷம்." பெரிய முள் நான்கில் இருந்தது, மகள் நான்கு நிமிடம் என்றாள். சாக்கட்டியை எடுத்து ரெக்சினில் வட்டம் போட்டு, ஐந்து ஐந்தாக எண்ணிக் காட்டினார். நிமிடம் புரிந்தது. சின்ன முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் எந்த மணி? அங்கே மாட்டிக்கொண்டாள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, கடிகாரத் திருகை அவள் கையிலேயே கொடுத்தார். "நீயே சுத்து. சின்னது என்ன பண்ணுதுன்னு பாரு."

சுற்றினாள். மறுபடி சுற்றினாள். "அ... அ... அப்ப சின்னது பாதி வழியில இருந்தா, பெரியது பா... பாதி சுத்தியிருக்கும்!"

"அட்றா சக்கை!" என்று அதிகாரி தொடையைத் தட்டினார்.

"சார்," என்றாள் சீட் கவர்காரி. "மூணு விதமா சொல்லிக் குடுத்தீங்க. மூணாவதுதான் ஏறிச்சு. அந்த மூணும் எந்த வரிசையில இருக்கு?"

அதிகாரி எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு, மேஜையில் குனிந்து எழுதினார். வீட்டிலேயே தொடரலாம் என்றிருந்தது. "அடுத்த வருஷமும் வருவேம்மா" என்றார் விறைப்பாக.

"வாங்க சார். பாடம் எடுக்க ஆள் பத்தல."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மகள் எதிர்க்கடைக்காரரிடம் முள் வைத்த கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அவள் மணி சொல்லாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. மெஷின் பக்கத்தில் நின்று முள் நகர நகரச் சொன்னாள், திக்கித் திக்கி, விடாமல். அவசரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டிய பஸ் சீட்டு மடியில் கிடந்தது. அம்மாவுக்குக் காது புளித்துப்போனது. "வாயை மூடுடி" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மெஷினை நிறுத்தினாள். "இப்ப மணி என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.