இரண்டு நடத்துனர்களும் ஒரு சம்பந்தமும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு இந்தப் பழக்கம் பிடித்தது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல் தூளைச் சோதிக்கும் வேலை. பஸ்ஸில் அலறும் சினிமாப் பாட்டுக்கு எதிராகக் காதில் எதையாவது மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சொற்கள் இல்லாததாக இருந்தால் நல்லது, கூடவே பாடித் தொலைக்க மாட்டேன். அப்படித் தேடியபோது போனில் ஒரு மேற்கத்திய சிம்பொனி வந்து விழுந்தது.

சில நாள் அதையே கேட்டேன். பிறகு அதே சிம்பொனியை வேறொரு குழு வாசித்தது கிடைத்தது. நான்கு நிமிடம் குறைவாக இருந்தது. எதையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, எதை வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றும் வெட்டப்படவில்லை. எல்லாச் சுரமும் அங்கேயே இருந்தது. முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிற கண்டக்டர் வேறு ஆள், அவ்வளவுதான். முதலாமவர் இரண்டாம் பகுதியைச் சுடுசோறு சாப்பிடுகிறவர் மாதிரி ஊதி ஊதி நிதானமாகக் கொண்டுபோனார். மற்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எனக்கு அந்த வேகக்காரரைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் மூன்றாவது ஆளைத் தேடினேன், நான்காவது ஆளைத் தேடினேன். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று ஆயிற்று.

இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நேர்ந்தது பெண் பார்க்க வந்த அன்று. மாப்பிள்ளைக்குக் கீழப்பழுவூர். கால்நடை மருத்துவர். அவருடைய அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். கோலம், தையல் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் உண்மை வந்துவிட்டது.

“ஒரே பாட்ட வேற வேற கண்டக்டர் எப்படி நடத்துறாங்கன்னு தினம் கேப்பேங்க. யாரு நல்லா பண்றாங்கன்னு பாப்பேன்.”

சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமனார் நிமிர்ந்தார்.

“நம்ம ஆளுங்க பாட்டு வேற போடுறாங்களா இப்ப? எந்த டிப்போம்மா?”

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். நான் எழுபது எண்பது பேர் வாசிக்கும் குழுவைப் பற்றியும், முன்னால் நிற்பவரைப் பற்றியும் விளக்கினேன். அவர் வாசிக்கவும் மாட்டார், பாடவும் மாட்டார் என்றதும் மாமனாருக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. சம்பளம் எப்படி என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை கேட்டுப் பார்க்க விரும்பினார். மாடிக்குப் போய், நிதானக்காரரைக் கொஞ்சம், வேகக்காரரைக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில், “ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு,” என்றார். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பிடித்ததுபோல நடிக்காதது பிடித்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். பூ வைக்க நாளும் குறித்தார்கள்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். மாடு பார்க்கப் போகிற வழியெல்லாம் இரண்டையும் கேட்டிருக்கிறார். இப்போது வித்தியாசம் தெரிகிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையிலேயே, வேகக்காரருக்குப் பொறுமை இல்லை, அந்த இரண்டாம் பகுதியைக் கெடுத்துவிட்டார் என்றார். அன்று ஆரம்பித்தது சண்டை. தினமும் சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து வந்ததும் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டே அவரோடு மல்லுக்கு நிற்பேன்.

அப்படி ஒருநாள் கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது.

“உங்களுக்காகவெல்லாம் அவர விட முடியாதுங்க. எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. உங்கள பாக்குறதுக்கு முன்னாடியே புடிக்கும்.”

திரும்பினால் அம்மா நிற்கிறாள். கையில் ஒரு சொம்பு. அதைத் துவைக்கிற கல்லிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மீதிச் சண்டையை முடித்துக்கொண்டு உள்ளே போவதற்குள் அவள் கீழப்பழுவூருக்குப் போன் செய்து, பொண்ணு மனசில் வேறு யாரோ இருக்கிறமாதிரி தெரிகிறது, பூ வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சம்பந்தியம்மாவிடம் அழுதே முடித்திருந்தாள்.

“யாருடி அவரு?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளை இன்னும் கலங்கடித்தது. போனில் வேகக்காரரின் படத்தை எடுத்துக் காட்டினேன். பஞ்சுத்தலையும் கறுப்புக் கோட்டுமாக ஒரு வெள்ளைக்காரர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இந்தக் கெழவனா?”

“அவரு போயிச் சேந்து ரொம்ப நாளாச்சும்மா.”

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். உயிர் வந்தது. உடனே, இப்போது அவர்களிடம் என்னவென்று சொல்வது என்ற கவலையும் வந்தது.

மறுநாள் காலை மாமனாரே வந்துவிட்டார், முகம் கறுத்துப்போய். மகன் நேற்றிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தாலும், நேரில் கேட்டால்தான் மனசு ஆறும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். அம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். நான் இரண்டு கண்டக்டர்களையும் பற்றி, எங்கள் சண்டையைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கண்டக்டரால குடும்பத்துல சண்ட வர்றது புதுசு இல்லம்மா,” என்றார். பிறகு இட்லி சாப்பிட்டார். பூ வைக்கும் நாள் மாறவில்லை.

இப்போது எல்லோரும் அரியலூரில்தான் இருக்கிறோம். காலையில் சமையல் நடக்கும்போது ஒரு சின்ன ஸ்பீக்கரில் சிம்பொனி ஓடும். மாமனார் பேப்பரோடு வந்து உட்கார்ந்து, “இன்னைக்கு யாரு டூட்டி?” என்று கேட்பார். இரண்டாம் பகுதி தொடங்கியதும் தூங்கிவிடுவார். கண்டக்டர் நிதானக்காரரா வேகக்காரரா என்பதில் அவருக்குப் பேதம் கிடையாது. எனக்கும் கணவருக்கும் நடுவில் சண்டை தீரவில்லை. எனக்கு ஆள் மாறவில்லை, அவருக்கும் மாறவில்லை.

போன மாதம் அவர் எங்கேயோ தேடி, ஏதோ ஒரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இதே சிம்பொனியை வாசித்த பதிவு ஒன்றைப் பிடித்தார். கண்டக்டர் ஒரு இளம்பெண். இரண்டாம் பகுதியில் கொம்பு ஊதுகிற பிள்ளை ஓர் இடத்தில் வழுக்கிவிட்டது, நன்றாகவே கேட்டது. அடுத்த சுரத்தில் வயலின்கள் எல்லாம் கொஞ்சம் மெதுவாகி, அந்தப் பிள்ளை வந்து சேர இடம் விட்டன. அந்தப் பெண் கையை என்ன செய்திருப்பாள் என்று நாங்கள் இருவரும் அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தோம். சாம்பார் கரண்டியை வைத்து அவர் ஒரு மாதிரி செய்துகாட்டினார். அப்படி இருக்காது என்று நான் வேறு மாதிரி செய்துகாட்டினேன். ஆலை பஸ்ஸை அன்றைக்குத் தவறவிட்டேன்.