கண்டுகொள்ளாத மூன்று வாரம்

டீச்சர் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். பேச்சு வராத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, கிட்டே போனால் கடிக்கிற பிள்ளை என்று யாரைக் கொண்டுபோய் விட்டாலும், அந்த மாடி அறையில் ஆறே மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் புதிதாக யார் வந்தாலும் முதலில் காது டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்வார். நடக்க வராத பிள்ளைக்கும் காதுச் சீட்டுதான். டீச்சருக்குக் காதுப் பைத்தியம் என்று பெற்றவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

காரணம், பதின்மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஆறு வயதுப் பெண். பேச்சே கிடையாது. ஒருநாள் திடீரென்று தன் இடது காதில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கத்தான் இந்த ஆட்டம், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று டீச்சர் முடிவு கட்டினார். படித்த படிப்பு அப்படி. அறைந்தால் யாரும் திரும்பக் கூடாது. கையை மடியில் வைத்தால் உடனே கொஞ்ச வேண்டும். வீட்டிலும் இதே மாதிரி நடக்கச் சொல்லி அம்மாவிடம் கறாராகச் சொல்லியனுப்பினார். அவள் அறைந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையில் ஒரு கோடு போட்டு எண்ணினார். முதல் நாள் நாற்பது, மூன்றாம் வாரம் மூன்று. அட்டையைச் சுவரில் ஒட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார், பெருமை பிடிபடவில்லை. நான்காம் வாரம் காதிலிருந்து சீழ் வழிந்தது.

அந்தக் காது போயே போய்விட்டது. குடும்பமும் வேறு ஊருக்குப் போய்விட்டது. வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டேனே பாவி என்று டீச்சர் குமுறாத நாளில்லை. வகுப்பு நடக்கும்போது எங்கேயாவது பளாரென்று சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் அந்த அம்மா மகளோடு வந்து நின்றார். ஏதோ பயிற்சியில் சேர்க்க, இங்கே படித்ததற்குச் சான்றிதழ் வேண்டுமாம். டீச்சர் எழுத உட்கார்ந்தார். இன்றைக்கும் சொல்லாமல் விட்டால் தன் கட்டை வேகாது என்று தோன்றியது. காது வலியைப் பிடிவாதம் என்று நினைத்தது தன் தப்புத்தான் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

அம்மாவின் முகம் மாறவேயில்லை.

"தெரியும் டீச்சர். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

அப்புறம் ஏன் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டையாவது போட்டிருக்கலாமே என்று டீச்சர் கேட்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? உங்ககிட்ட அடிச்சுக்கிட்டுதான் காட்டினா. வீட்ல என் கையை இழுத்து இழுத்துத் தன் காதுமேல வச்சா. நீங்க சொன்னீங்களேன்னு, நான் கையை உருவிக்கிட்டு வேற வேலையப் பார்த்தேன்."