கரி அள்ளியவருக்கு ஒரு பதக்கம்

பதக்கம் கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. கடல் தாண்டி வந்த உறை, கனமான தாள், அடியில் அழகான கையெழுத்து. மாட்டேன் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கசக்கி எறியத்தான் கை போனது. எதிரில் அண்ணன் உட்கார்ந்திருந்ததால் மடித்து வைத்தேன்.

காஞ்சிபுரத்தில் கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்துக்கொடுப்பது என் தொழில். அன்றைக்கு டைப்ரைட்டர், இன்றைக்குக் கம்ப்யூட்டர். பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நகர்த்திவிட்டான் என்று ஊர்க் குறை முழுக்க என் விரல் வழியாகத்தான் போகிறது. எந்த ஆபீஸ் எந்தக் காகிதத்தைக் கேட்கும் என்பது எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் சொந்த அப்பாவின் மனுவில் கோட்டை விட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் உலகப் போரின்போது சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். மீசை முளைக்காத வயதில் சென்னைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவரை, ஆள் போதவில்லை என்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கொதிகலனுக்கு எதிரே கப்பலின் அடித்தட்டில்தான் அவருக்கு வேலை. ஒரு நாள் குண்டு பட்டுக் கப்பல் முழுகியது. மேலே இருந்தவர்கள் கடலில் குதிக்கலாம். அடியில் இருந்தவர்களுக்கு ஓர் இரும்பு ஏணிதான் வழி. அதில் ஏறி வெளியே வந்த கடைசி ஆள் நைனா.

"எனக்குப் பின்னால வந்தவன் என் காலப் புடிச்சிக்கினாம்மா. நான் உதறிட்டேன்" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப் பட்டறையில் சேர்ந்தார். பட்டு நூல் வேகும் அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளும் வேலை. நெருப்பு அவரை விடவில்லை.

கப்பல் கதையை எங்கள் பக்கம் யாரும் நம்பவில்லை. தறியில் ஏற்றும் ஒரு பாவில் எத்தனை சேலை வரும் என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும் ஊர் இது. கடலைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? "இன்னா கப்பக்காரரே, இன்னிக்கு எந்தத் துறைமுகம்?" என்று நூல் கொண்டு வருகிறவர்கள் சீண்டுவார்கள். நைனாவும் சிரித்துவைப்பார். ஊர்க்காரர்களை விடுங்கள், என் அண்ணனே நம்பவில்லை. "சும்மா கதை வுடாத நைனா, மானம் போவுது" என்று ஆட்கள் நடுவே சொல்வார். அப்போதெல்லாம் நைனா எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் ஆறாவது படிக்கும்போது, குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றுகிற மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை, பையில் அவருடைய கப்பல் புத்தகம். எந்தக் கப்பல், எந்தத் தேதி, என்ன வேலை என்று முத்திரை போட்ட சின்னப் புத்தகம் அது. முன்வரிசையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் பக்கம் நகர்ந்தவரை, கூட்டத்தை மறித்துக் கயிறு பிடித்திருந்த ஒருவர் தடுத்தார்.

"மிலிட்டரியா?"

"கப்பலுங்க. சண்டையில இருந்தேன்."

"நேவியா?"

"இல்லீங்க, சரக்குக் கப்பல்."

"அது கூலி வேலைதானேபா? பின்னால போயி நில்லு."

கையிலிருந்த புத்தகத்தை அந்த ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூலி வேலையாம். குண்டு விழும்போது, நீ சிப்பாயா கூலியா என்று கேட்டுவிட்டா விழுந்தது? பட்டாளத்துக்குச் சோறும் குண்டும் அந்தக் கப்பலில்தான் போயின. அது தானாகவா ஓடியது? இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நைனா பின்னால் போய் நின்றார், கொடிக்குச் சலாம் வைத்தார், எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அவர் இறந்த அன்று தகரப் பெட்டியில் வேட்டி தேடும்போது அந்தப் புத்தகம் கிடைத்தது. அண்ணன் முதல்முறையாக அதைப் பிரித்துப் பார்த்தார். முத்திரைகளைப் பார்த்தார், வாலிப நைனாவின் போட்டோவைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செத்தவரைப் புதைப்பதும், அவர் ஆசையாக வைத்திருந்ததை அவரோடு அனுப்புவதும் எங்கள் வழக்கம். பீடிக்கட்டு போகும், வெற்றிலைப் பை போகும். குழிக்குள் இறங்கி, நைனாவின் வலது கையில் அந்தப் புத்தகத்தை வைத்து, விரலை மடித்துவிட்டார் அண்ணன். அவர் கேட்ட மன்னிப்பு அதுதான். எல்லோரும் அழுதோம்.

எங்களில் பெண்களும் சுடுகாட்டுக்குப் போவது உண்டு. அதற்கு முன் வீட்டிலிருந்து அங்கே போகும் வரைக்கும் அந்தப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. வழியில் இரண்டு செராக்ஸ் கடை. அசலைக் கொடுக்காதே, நகல் எடுக்காமல் எதையும் விடாதே என்று நாள் முழுக்கக் கத்துகிறவள் நான். சாவு வீட்டில் யாருக்குச் செராக்ஸ் ஞாபகம் வரும் என்று மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்லலாம். எனக்கு நான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

முப்பது வருஷம் போனது. அந்தப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர்களுக்கும் அந்த அரசாங்கத்தின் பதக்கம் உண்டு, இறந்துபோனவர்களின் பிள்ளைகளும் கேட்கலாம் என்று சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போன வருஷம் போனில் காட்டினாள். அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார்.

"அத்த வாங்கிடும்மா. நைனா படத்துல மாட்டிட்டு, நான் சொன்னது தப்புன்னு அவராண்ட சொல்லணும். அப்புறம் நான் போனாலும் பரவால்ல" என்றார்.

அண்ணன் பெயரில் மனு எழுதினேன். ஏழெட்டு மாதம் கழித்து வந்த பதில்தான் அந்தக் கனமான தாள். தந்தையின் சேவைக்கு ஆழ்ந்த மரியாதையாம். அந்தக் கப்பலின் அதிகாரிகள் பெயரெல்லாம் பதிவில் இருக்கிறதாம். கரி அள்ளிய இந்திய ஆட்களின் பட்டியல் மட்டும் கிடைக்கவில்லையாம். ஆகவே அவருடைய புத்தகத்தின் அசல் இல்லாமல் பதக்கம் தர இயலாதாம். கப்பலை ஓட்டியவன் பெயர் எண்பது வருஷம் பத்திரமாக இருக்கிறது, கரி போட்டவன் பெயர் மட்டும் எப்படித் தொலையும்? வேண்டாம் என்று விட்டதற்குப் பெயர் தொலைந்ததா?

"தோண்டிப் பாத்துடலாமா?" என்றார் அண்ணன்.

"தாளு முப்பது வருசமா மண்ணுல இருக்குமாண்ணா? அதுக்கு மேல எத்தினி பேரப் பொதச்சிட்டாங்கோ! நீதானே வச்ச!" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையைத் தடவிக்கொண்டிருந்தார். சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது எனக்கு. நைனாவை நம்பாமல் இருந்ததற்கு அவர் தெரிந்து செய்த ஒரே பரிகாரம் அது. அதைப் போய்க் குற்றமாக்கிவிட்டேன்.

கம்ப்யூட்டரைத் திறந்து பதில் அடித்தேன். பணிந்து, தாழ்மையுடன், கருணை கூர்ந்து என்று எதுவும் போடவில்லை. ஏணியைப் பற்றி எழுதினேன். காலைப் பிடித்தவனைப் பற்றியும் எழுதினேன்; அவனுக்கும் ஒரு பதக்கம் பாக்கி என்றேன். கடைசியில் இணைப்பு என்ற இடத்தில் இப்படி அடித்தேன்: அசல் ஆவணம் உரியவரின் வலது கையில் உள்ளது. இடம், வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாடு. நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளவும்.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

"இந்த வாட்டியாவது செராக்ஸ் எடுத்துக்கோம்மா" என்றார்.

எடுத்து வந்தேன். அவர் அதை வாங்கி நான்காக மடித்து, எழுந்து போய், பதக்கத்துக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில், நைனாவின் படச் சட்டத்தில் செருகினார்.