சோடாக்கடையில் கிடைத்த 'ங்க'

இன்று போத்தனூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் எங்கள் பழைய சோடாக்கடை அக்கா! சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

கோவையில் நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்பார்கள். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் 'வா, போ'தான். காரணம் சாதி, வேறென்ன?

அக்கா கடையில் மட்டும் எங்களுக்கும் 'ங்க' உண்டு. அதைக் கேட்பதற்கென்றே கூட்டமாகப் போவோம்.

"தேன் மிட்டாய் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"பன்னீர் சோடா?"

"அதும் இருக்குதுங்க. வாங்க வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா?"

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஓடிவிடுவோம்.

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை இன்று கேட்டேன். "ஏனுங்க அக்கா, எங்களுக்கு மரியாதை குடுத்ததுக்கு யாரும் சண்டைக்கு வரலீங்களா?"

"வராம இருப்பாங்களா? 'எனக்கும் ங்க, அவனுகளுக்கும் ங்கவா? ரெண்டு பேரும் ஒண்ணா?'ன்னு ஒருத்தன் குதிச்சானுங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அவன் சொல்றதும் நாயந்தானுங்களே! அன்னைக்கே அவனுக்கு 'ங்க'வ நிறுத்திப்போட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

உங்கள் ஊரில் யாருக்கெல்லாம் நிறுத்தலாம்? கமெண்டில் வரிசையாக வரவும். பெயர் மட்டும் போடாதீர்கள், கேஸ் வரும்.