டைப்ரைட்டிங் டீச்சரின் பத்தாவது பாட்டு

ஒரே பாட்டு. பஸ்ஸில் கேட்டால் அதில் புல்லாங்குழல் இல்லை. இறங்கி டீக்கடையில் கேட்டால் இருக்கிறது. இடையில் அது எங்கே போனது? இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

1986-இல் கிருபாபாய்க்கும் தெரியவில்லை. பத்தொன்பது வயது அவளுக்கு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் மண்டையைக் குடைந்தபின் கண்டக்டரிடமே கேட்டாள். வலப்பக்க ஸ்பீக்கர் செத்து மூன்று மாதம் ஆகிறது என்றார் அவர். பாட்டில் பாதி அந்தப் பக்கம் இருந்திருக்கிறது! வீட்டுக்கு வந்து டேப்ரெக்கார்டரின் பேலன்ஸ் குமிழை ஒரு கோடிக்குத் திருகினாள்; வயலின்கள் மட்டும் கேட்டன. மறு கோடிக்குத் திருகினாள். கிட்டாரும் புல்லாங்குழலும் கேட்டன. செட்டு ரிப்பேரா என்று அம்மா வந்து எட்டிப் பார்க்கும்வரை திருகிக்கொண்டே இருந்தாள்.

அன்று பிடித்தது விடவில்லை. படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே டீச்சர் ஆனபிறகு, வகுப்பு முடிந்ததும் ஒரு மெஷினில் தாளைச் சொருகி, கேட்ட பாட்டையெல்லாம் கட்டம் கட்டமாக அடித்து வைப்பாள். டிரம்ஸுக்கு ஒரு பத்தி, பேஸ் கிட்டாருக்கு ஒரு பத்தி, வயலினுக்கு ஒரு பத்தி. யார் எப்போது உள்ளே வருகிறார்கள், எப்போது விலகுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் ஒரு கீபோர்டு இருந்தது. அதில் எல்லா வாத்தியச் சத்தமும் வரும். தாளைப் பார்த்து அதில் வாசித்து வாசித்தே இசை கோக்கப் பழகினாள்.

1994 நவம்பரில் சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸ் கேசட் போட்டது. பத்துப் பாட்டு. ஒன்பதை மதுரையில் பதிந்தாயிற்று. பத்தாவது கிருபாபாயே மெட்டுப்போட்டு இசை கோத்தது. அதை இன்ஸ்டிட்யூட்டிலேயே பதிய வேண்டும். குழுச் செயலாளர் வில்சன் ஒரு ஃபோர் டிராக் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தார். ஒரே கேசட்டில் நாலு தடமாகத் தனித்தனியே பதியலாம். திங்கள் காலை அது மதுரைக்குத் திரும்பிவிடும். அதற்குள் முடியாவிட்டால் போன வருடப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவதாக வில்சன் சொல்லிவிட்டார். எட்டு வருடமாகத் தாளில் மட்டுமே சேர்ந்திருந்த வாத்தியங்களை ஒன்றாகக் காதால் கேட்க அவளுக்கு அந்த இரண்டு நாள்தான்.

சனிக்கிழமை பரிபூரணம் பாட வந்தாள். ராஜபாளையத்தில் மில் வேலை. சபையில் அவள் குரலுக்கு மைக் தேவையில்லை என்பார்கள். கிருபாபாய் டிரம்ஸ், பேஸ், வயலின் மூன்றையும் கீபோர்டில் முன்பே வாசித்து, ஒரே தடத்தில் சேர்த்து, மேலே புல்லாங்குழலும் மணியும் வைத்திருந்தாள். தாளில் ஒரு கட்டம் காலி இல்லை. டைப்ரைட்டிங் பரீட்சையில் தாளை நிரப்பாதவனுக்கு மார்க் ஏது? அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

பரிபூரணம் மூன்று தரம் பாடிப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஏட்டி, இது பாட்டா, எங்க மில்லா? எம்புட்டுச் சத்தம்! நான் எங்கட்டி மூச்சு விட?"

வயலினை மட்டும் எடுத்துவிடலாமே என்றார் வில்சன். எடுக்க முடியாது. டிரம்ஸோடு கலந்தது கலந்ததுதான். போன வருடப் பாட்டின் பெயரை எழுத அவர் பேனாவைத் திறந்தார். ஞாயிறு சாயங்காலம் வரை பொறுக்கும்படி கிருபாபாய் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்த பரிபூரணத்துக்கு மூன்று மணிக்கு ஷிஃப்ட். கிருபாபாய் எல்லாவற்றையும் மறுபடி வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. வேறு வழியில்லாமல், அதற்குள் புதிதாக வாசித்திருந்த டிரம்ஸை மட்டும் ஓடவிட்டு முதலில் அவளைப் பாட வைத்தாள் கிருபாபாய். பாடிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் கிருபாபாய்க்கு விளங்கியது. அந்தக் குரலோடு டிரம்ஸ் மட்டுமே போனபோதும் பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. புதுத் தாளைச் சொருகினாள். ரிப்பனைச் சிவப்புக்கு மாற்றி, பரிபூரணம் பாடுகிற இடங்களை முதலில் அடித்தாள். சிவப்புக்கு நேரே பேஸ் மட்டும். சிவப்பு இல்லாத இடத்தில் கொஞ்சம் புல்லாங்குழல். வயலின் கடைசிச் சரணத்துக்கு மட்டும். மணிச் சத்தத்தை அடியோடு விட்டுவிட்டாள். அப்படியும் இரண்டு கட்டம் மிச்சம் இருந்தன. கை பரபரத்தது. மடியில் வைத்துக்கொண்டாள்.

தாளில் உள்ளபடி வாசித்துப் பதிந்து, காலியாக விட்ட இரண்டு கட்டத்தில் டிரம்ஸையும் அடக்கினாள். சாயங்காலம் வில்சன் அதைக் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் திறந்தார்.

"ஏம்மா, இந்த எடத்துல யாருமே வாசிக்கலையே. மெஷின் நின்னுட்டா?"

"இல்ல அண்ணாச்சி. பரிபூரணம் அக்கா மூச்சு விடுதாவ."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். முடிந்ததும் பட்டியலில் பத்தாம் எண்ணுக்கு நேரே புதுப் பாட்டின் பெயரை எழுதினார். அதன் கீழே, இசை கிருபாபாய் என்று எழுதி, ஸ்பெல்லிங் சரியா என்று அவளிடமே காட்டினார்.

அதற்குப் பிறகும் அவள் டைப்ரைட்டிங் டீச்சர்தான். வருடத்துக்கு ஒரு கேசட்டுக்கு இசை கோத்தாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சொல்லித்தர ஆளில்லை என்று ஒரு கீபோர்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். கிருபாபாயின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.