விளக்கு வைத்த பிறகு வாக்குவம் கிளீனர்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். மகளின் கட்டிலுக்குப் பின்னால் விழுந்த இன்ஹேலரை எடுக்கக் குனிந்தேன். மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று புரியாமல் கணவரைக் கூப்பிட்டேன்.

கொஞ்சம் பின்னால் போகலாமா?

எங்கள் வீடு அரியலூரில், சிமென்ட் லாரிகள் போகிற ரோட்டின் மேல். காலையில் துடைத்த டிவியில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். ஆறாவது படிக்கும் மகள் கயலுக்கோ வீசிங். "துடைப்பத்தையே எடுக்காதீங்க, தூசி பறக்கும்" என்றார் டாக்டர். சரி, வாக்குவம் கிளீனர் வாங்கிவிடுவோம்.

எதை வாங்குவது? என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் ஜமீலா டீச்சருக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த மெஷினுக்குள் பேப்பர் பை உண்டு.

"நெறையுற வரைக்கும் தூசி பைக்குள்ளயே கெடக்கும் டீச்சர். அப்புறம் அப்படியே கழட்டிப் போட்டுருவேன். கையே படாது."

"பை தீந்துபோச்சுன்னா?"

"அவங்க லீவுல வரப்ப கொண்டாருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்பை போடுகிற பைக்கு துபாய் விமானத்தை எதிர்பார்ப்பதா? திருச்சிக்குப் போய், பையே இல்லாத மெஷின் வாங்கினோம். தூசி சேர உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா... முதல் நாளே அது நிறைந்துவிட்டது. இத்தனையையுமா சுவாசித்தோம்?

"ஓட்டி முடிச்சதும் டப்பாவ காலி பண்ணிடணும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை என் கணவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மெஷின் அவர் பொறுப்பு. விடியற்காலையிலேயே ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் என்பதால் சாயங்காலம்தான் ஓட்டுவார். நான் அப்போது அடுப்படியில் இருப்பேன்.

ஆனால் கயலுக்கு இழுப்பு குறையவில்லை — கூடியது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைப்பது வாடிக்கையாகிவிட்டது. டாக்டருக்கே குழப்பம். எனக்கோ பயம்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

"என்னங்க இது?"

"டப்பா தூசிதான். கடைசியா இந்த ரூமைத்தானே ஓட்டுறேன், இங்கயே கொட்டிடுவேன்."

"வெளிய கொட்ட வேண்டியதுதானே?"

"விளக்கு வச்சப்புறம் குப்பைய வெளிய கொட்டுவாங்களா? லட்சுமி போயிடுவா. காலையில வேலைக்குப் போறப்ப அள்ளிட்டுப் போயிடுறேன். தெனமும் அப்படித்தானே?"

தினமுமா?

துடைப்பக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான்... இருட்டிவிட்டால் குப்பையை மூலையில் ஒதுக்கி வைப்போம். அது தலைமுடி, காகிதத் துண்டு. இது மாவு போன்ற சிமென்ட் தூசி. வீடு முழுக்க உறிஞ்சியெடுத்து, பெற்ற மகள் தலைமாட்டில் கொட்டி, ஃபேனையும் போட்டிருக்கிறார் மனுஷன்.

கயல் இருமினாள். அவர் குவியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஃபேனை நிறுத்தினார். ஈரத்துணியில் தூசியை ஒற்றி எடுத்துக்கொண்டு, பூஜை விளக்கு எரிய எரிய, வாசலைத் தாண்டினார்.

"லட்சுமி போயிடுவான்னீங்க..."

"போனா வந்துக்குவா. இவ மூச்சு போனா வருமா?"

இந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார் — பை வைத்த மெஷின் நல்லதா, பையில்லாததா?

உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு வைப்பீர்கள் என்று கேட்டேன்.